நிற்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது

மதுரையில் சித்திரை வெயிலில் ஒரு பெண்ணுக்கு வேர்த்து ஊற்றினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனக்கு வேர்த்தது மார்கழியில். விடியற்காலை ஐந்து மணி, வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா பனிக்குப் பயந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறியது. இரண்டு மூன்று நிமிடத்தில் முதுகு முழுக்க நனைந்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. சூடு இறங்கியதும் உடம்பு வெடவெடத்தது. "என்னத்தா, இந்தப் பனியில உனக்கு மட்டும் வேர்க்குது?" என்றார் அக்கா.

அப்போது எனக்கு வயது 46. அந்த மாதமும் மாதவிலக்கு வந்து போயிருந்தது. அதனால் இது 'நிற்கிற' சமாச்சாரமாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. சுகரா, பிரஷரா, தைராய்டா என்று பயந்து இரத்தப் பரிசோதனைக்கு ஓடினேன். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணுமில்லம்மா, டென்ஷனைக் குறைங்க" என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்றால் ஏன் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, பத்து வருடமாக எழுதும் கணக்கில் ஏன் கூட்டல் தப்புகிறது, பிள்ளைகள் டம்ளரைக் கீழே போட்டதற்கு ஏன் அழுகை வருகிறது? இதற்கெல்லாம் ஒரே காரணம் என்று எனக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆயிற்று.

மாதவிடாய் நிற்றல் என்றதும் எல்லோரும் அது நின்றுபோகும் நாளைத்தான் நினைக்கிறோம். பெரும்பாலான பெண்களை உலுக்குவது அதற்கு முந்தைய ஆண்டுகள். மாதவிலக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும் அந்தக் காலத்தில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஆண்டுகளைப் பற்றியது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

பெண் குழந்தை பிறக்கும்போதே தன் சினைப்பைகளில் சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம் மிஞ்சியிருக்கும். வாழ்நாள் முழுவதும் சேர்த்து மாதம் ஒன்றாக முதிர்ந்து வெளியேறுவது 400 அல்லது 500தான். மற்றவை தாமாகவே கரைந்துபோகும். நாற்பதுகளில் இந்தக் கையிருப்பு அடிமட்டத்துக்கு வருகிறது. முட்டைகளைச் சுற்றியுள்ள அணுக்கள்தான் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. முட்டை குறையும்போது இந்தச் சுரப்பும் தடுமாறுகிறது.

தடுமாறுகிறது என்று சொல்வது முக்கியம். படிப்படியாகக் குறைவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் கோடையில் மோட்டார் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தண்ணீர் மட்டம் கீழே போனபின் குழாயில் சீராக வராது. குபுக்கென்று ஒரு கொட்டு கொட்டும், அப்புறம் வெறும் காற்று, மறுபடி ஒரு கொட்டு. ஈஸ்ட்ரோஜனும் இப்படித்தான். சில வாரம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், சில வாரம் சட்டென்று சரியும். ஒரு மாதம் நன்றாக இருந்துவிட்டு அடுத்த மாதம் படுத்தி எடுப்பது இதனால்தான்.

சூடு ஏறுவதற்கும் இதுதான் காரணம். உடம்பு எந்த அளவு சூட்டைத் தாங்கலாம், எப்போது வேர்க்க வைக்க வேண்டும் என்பதை மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு இடம் கவனித்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் சரியும்போது அந்த இடம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. ஒரு வாய் சூடான காபி, ஒரு சின்னப் பதற்றம் போதும். உடம்பு கொதிக்கிறது என்று முடிவு செய்து, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைத் திறந்துவிடும். பொதுவாக ஒன்றிலிருந்து ஐந்து நிமிடம்வரை நீடிக்கும். மருத்துவர்கள் ஹாட் ஃப்ளஷ் என்கிறார்கள். நம் பெண்கள் "உடம்பு காந்துது", "குப்புன்னு வேர்க்குது", "படபடன்னு வருது" என்று சொல்வதும் இதைத்தான்.

கடைசி மாதவிலக்குக்குப் பிறகு தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ், அதாவது நின்றுவிட்டது என்று பொருள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேலை நாடுகளில் 51 ஒட்டி. அதற்கு முந்தைய தடுமாற்றக் காலத்துக்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். சராசரியாக நான்கு ஆண்டு, சிலருக்கு எட்டு ஆண்டுவரைகூட இழுக்கும். நின்ற பிறகும் சில வருடம் சூடு ஏறுவது தொடரலாம். 40 வயதுக்கு முன்பே நின்றால் அது இயல்பான கணக்கில் வராது. அவசியம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததால் சீக்கிரம் நின்றுவிட்டது என்று நம் ஊரில் நிறையப் பேர் சொல்வார்கள். அந்த ஆபரேஷனில் கருக்குழாயைத்தான் கட்டுகிறார்கள். சினைப்பை தன் வேலையைத் தொடர்ந்து செய்யும்.

எல்லாம் ஒரே வயதில்

பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் இங்கே தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, ஃபிளக்ஸ் வைத்துச் சொல்கிறோம். உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து உடம்பைத் தேற்றுகிறோம். அதே பெண்ணுக்கு அது நிற்கிற சமயத்தில் கூடப் பிறந்தவளிடம் சொல்லக்கூடத் தயக்கம். என் அம்மா கடைசிவரை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்த வயதில் நம் வீடுகளில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். தாமதமாகக் கல்யாணம் ஆனவள் வீட்டில் மகளுக்கு மாதவிலக்கு ஆரம்பிக்கும், தாய்க்கு நிற்கும். இரண்டு பேருடைய ஹார்மோனும் ஒரே சமையலறையில் மோதும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களில் இருபது வயதில் கல்யாணம் ஆனவளுக்கு 45 வயதில் மகளின் பேறுகாலம் வந்துவிடும். முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே. எங்கள் ஒன்றுவிட்ட அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. ராத்திரி பிள்ளை அழும்போதெல்லாம் எழுந்து தொட்டிலை ஆட்டுவார். பிள்ளை தூங்கிய பிறகு இவருக்கு வேர்வையில் சேலை நனைந்து தூக்கம் போகும். விடிந்ததும் மகளுக்குப் பத்தியச் சமையல், பூண்டுக் குழம்பு, வெந்நீர். ஐந்து மாதம். மகளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். இவரிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. "எனக்கென்னமோ கிறுக்குப் பிடிக்கிற மாதிரி இருக்குடி" என்று ஒருநாள் போனில் என்னிடம் அழுதார். அவருக்குக் கிறுக்கும் இல்லை, காற்றுக் கருப்பும் இல்லை. தூக்கம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' ஆளைச் சாய்த்துவிடும்.

என் வீட்டில் வேறு மாதிரி. மகள் பிளஸ் டூ, மகன் ஒன்பதாவது. அத்தை குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். நான் அலுவலகத்துக்கு எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நாட்களில் சொல்ல வந்த சொல் தொண்டைவரை வந்து நிற்கும். 'பில்' என்ற சொல்லே மறந்துபோய், "அந்தத் தாளு, அந்தத் தாளு" என்று திணறியிருக்கிறேன். மூளை மழுங்கிவிட்டது, வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். தூக்கக் குறைவும் ஹார்மோன் ஏற்ற இறக்கமும் சேர்ந்து இந்த மறதியைத் தருகின்றன. இது முதுமை மறதி நோயின் தொடக்கம் அல்ல என்று பின்னால் ஒரு பெண் மருத்துவர் சொன்னபோது, என் மேல் இருந்த ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

மனச்சோர்வையும் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் அது வர வாய்ப்பு கூடுதல், பிள்ளை பெற்ற சமயத்தில் மனம் சோர்ந்து கிடந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்தாலோ, செத்துவிடலாம் என்று தோன்றினாலோ உடனே உதவி கேளுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நின்றுகொண்டே செய்யும் வேலை

அலுவலகத்தில் எனக்கு நாற்காலியும் மின்விசிறியும் உண்டு. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். விளக்குத்தூண் பக்கத்துக் கடை ஒன்றில் பதினெட்டு வருடமாகச் சேலை எடுத்துக் காட்டும் தோழி ஒருவர் எனக்கு உண்டு. தீபாவளிக் கூட்டத்தில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்பார். சீருடைச் சேலை பாலியஸ்டர். உடம்பு காந்தும்போது சேலை ஒட்டிக்கொள்ளும், எதிரே வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார், முகத்தைத் துடைக்கவும் கூச்சம். கழிப்பறை மேல்மாடியில், போனால் மேற்பார்வையாளர் நேரம் பார்ப்பார். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மாதம் ஒருமுறை நீர்க்கடுப்பு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பின் உட்தோலும் சிறுநீர்ப் பாதையின் உட்தோலும் மெலிந்து வறண்டுபோகின்றன. அதனால் எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று, இருமினால் தும்மினால் ஒரு சொட்டுக் கசிவு, கணவனோடு சேரும்போது வலி. சூடு ஏறுவது சில வருடத்தில் அடங்கிவிடும். இந்த வறட்சி தானாக அடங்காது, வயதோடு கூடும். தண்ணீர் குடிக்காமல் இருப்பது நீர்க்கடுப்பை இன்னும் மோசமாக்கும். இதற்கு மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கொண்ட களிம்பு உண்டு. அந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும். கேட்பதற்கு வெட்கப்பட்டே பல பெண்கள் இருபது வருடம் அவதிப்படுகிறார்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. மாதவிடாய் நிற்றலை நினைத்து அதை எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் 47 வயதுப் பெண்ணுக்கு அந்த ஐந்து நிமிட ஸ்டூல் எத்தனை பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும். என் தோழி தன் கடையில் கேட்டார். முதலில் முறைத்தார்கள், பிறகு மாடிப்படி ஓரத்தில் இரண்டு ஸ்டூல் போட்டார்கள். இப்போது இளம் பிள்ளைகளும் அதில் உட்காருகிறார்கள்.

வெயிலுக்கு என்ன செய்கிறோமோ அதில் பலவும் இதற்கும் உதவும். வீட்டில் நான் நைலக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுங்குடிக்கு மாறினேன். தலைமாட்டில் மண்பானைத் தண்ணீர், ஒரு ஈரத் துண்டு, மாற்று ரவிக்கை. சாயங்காலத்துக்குப் பிறகு காபி இல்லை. காரக் குழம்பைப் பகலோடு நிறுத்திக்கொண்டேன். இவற்றால் முழுதாகப் போய்விடவில்லை. நாளைக்குப் பத்து முறை வந்தது ஆறாகக் குறைந்தது.

"நிக்கிற நேரத்துல இப்படித்தான் போகும்"

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

முட்டை வெளியேறாத மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன் சுரக்காது. கர்ப்பப்பையின் உட்சுவர் கட்டுப்பாடில்லாமல் தடித்துக்கொண்டே போய், தாமதமாக, மொத்தமாக உதிரும். அதனால் இந்த ஆண்டுகளில் இரத்தப்போக்கு கூடலாம் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு கூடினாலும் "நிக்கிற நேரத்துல இப்படித்தான் போகும்" என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. பூக்கட்டும் அக்கா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு விடியுமுன் போய் மல்லிகை வாங்கி வந்து, உட்கார்ந்த இடத்தில் மதியம்வரை கட்டுவார். பத்து நாள் போகும், கட்டி கட்டியாகப் போகும், எழுந்தால் சேலை கறையாகிவிடும் என்று எழுந்திருக்கவே மாட்டார். படியேறினால் மூச்சு வாங்கியது. பார்த்தபோது ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியிருக்கிறது. ஏற்கெனவே குறைவாக இருக்கும் இரத்தத்தில் இதுவும் சேர்ந்தால் உடம்பு எதைக்கொண்டு தாங்கும்?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், பெரிய இரத்தக் கட்டிகள் வந்தால், இரண்டு மாதவிலக்குக்கு நடுவே போனால், உறவுக்குப் பின் போனால் மருத்துவரிடம் போங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: ஒரு வருடம் முழுக்க நின்றுபோன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் பார்த்தே ஆக வேண்டும். "மறுபடி வயசு திரும்புது" என்று சிரிக்கக் கூடாது. அப்படி வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும். அரசு இராசாசி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் இதற்கான ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் செய்கிறார்கள்.

போக்கு அதிகம் என்றதும் "கர்ப்பப்பையை எடுத்துடுங்க, தொல்லை விட்டுது" என்று வீட்டிலும் வெளியிலும் சொல்பவர்கள் உண்டு. சிலருக்கு அது தேவைதான். ஆனால் மாத்திரை, ஹார்மோன் தடவிய காப்பர் டி போன்ற சாதனம், சின்னச் சிகிச்சைகள் என்று முன்னால் பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றைக் கேளுங்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றால், சினைப்பையையும் சேர்த்து எடுக்கப்போகிறார்களா என்று கேளுங்கள். அதை எடுத்தால் நான்கு ஆண்டில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நடக்கும். பூக்கட்டும் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் சின்னக் கட்டிகள்தான் இருந்தன. மாத்திரையிலும் இரும்புச் சத்து ஊசியிலும் சரியானார்.

மருந்து உண்டா

உண்டு. ஹார்மோன் மாற்றுச் சிகிச்சைதான் சூடு ஏறுவதற்கு மிகவும் பலன் தருவது. இதைக் கேட்டதும் எல்லோரும் "கேன்சர் வருமாமே" என்பார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், 2002ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் இதயக் கோளாறும் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே மிகுதி என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத போக்கு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கும் வேறு மாத்திரைகள் இருக்கின்றன. மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கும் மருந்து அல்ல இது. நான் இரண்டு ஆண்டு எடுத்தேன். முதல் மாதத்திலேயே ராத்திரித் தூக்கம் வந்தது. தூக்கம் வந்ததும் மற்ற பாதி தானாகச் சரியானது.

எலும்பைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் அத்தை, படுக்கையில் கிடந்தபடி. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து, ஏழு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம்வரை குறையலாம். அவருக்கு அது 45 வயதில் தொடங்கியிருக்கும். உடைந்தது 71ல். நின்ற பிறகு ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, தயிர் எல்லாம் நம் கைக்கெட்டியவை. கூடவே நடை, கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி, காலை வெயில். நானும் மகளும் இப்போது வைகைக் கரை ஓரமாக நடக்கிறோம்.

எல்லாப் பழியையும் இதன் தலையில் போடவும் கூடாது. இரவு வேர்வையோடு காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் காசநோய் பார்க்க வேண்டும். படபடப்புக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம். வேர்வையோடு நெஞ்சு அழுத்தம், தாடை வலி, மூச்சுத் திணறல் வந்தால் அது ஹாட் ஃப்ளஷ் இல்லை, 108ஐக் கூப்பிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து சுகர், பிரஷர் பார்ப்பார்கள், அந்தச் சகோதரியிடமும் சொல்லலாம். 45 வயதைத் தாண்டியவருக்கு மெனோபாஸா என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த ஹார்மோன் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. ஹார்மோன் நாளுக்கு நாள் மாறுவதால் ஒருநாள் இரத்தம் உண்மையைச் சொல்லாது. நீங்கள் சொல்வதுதான் சொல்லும்.

அதற்கு ஒரு காலண்டர் போதும். எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் பால் கணக்கும் எழுதும் மாதக் காலண்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். அதில் மாதவிலக்கு வந்த நாளுக்கு ஒரு வட்டம், அதிகமாகப் போனால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி, தூக்கம் கெட்ட இரவுக்கு ஒரு கோடு என்று போட்டுவந்தேன். மூன்று மாதத் தாளைக் கிழித்து மருத்துவரிடம் நீட்டியபோது, அவர் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி குறைந்தது. என் கடைசி வட்டம் 50 வயதில், ஓர் ஆவணி மாதம். அதுதான் கடைசி என்று போடும்போது தெரியவில்லை. அடுத்த ஆவணியில் மகள் தாளைத் திருப்பிக்கொண்டே போய், "என்னம்மா, போன வருஷத்துக்கப்புறம் வட்டமே காணோம்?" என்று கேட்டாள். அவளிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.